சூளைக்குப் போகாத இடுப்புப் பட்டை

என் மகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் இடுப்பளவு சொன்னாய். "முப்பத்தொண்ணுப்பா, எலும்பு மேல புடிச்சது" என்றாய். காலண்டர் ஓரத்தில் குறித்துக்கொண்டேன். புதிதாக வாங்கிய முதுகுப் பைக்கு இடுப்புப் பட்டையை நான்தான் செய்து அனுப்பவேண்டும் என்றாய், சரி என்றேன். அப்புறம் "அப்பா, இது சூளைக்குப் போவாதுப்பா" என்று சொல்லிச் சிரித்தாய். நான் "ம்" என்றேன். அங்கே குளிர் எப்படி, சோறு கிடைக்கிறதா என்று ஏதோ கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

அப்பாவுக்கு விஷயம் புரியவில்லை என்று நினைத்திருப்பாய். புரிந்தது. நீ சிரித்ததில் கேலி இல்லை என்பதும் புரிந்தது. நான்கு வருஷமாக நம் வீட்டில் ஒரு ரகசியம் இருக்கிறது. அப்பாவுக்குத் தெரியக்கூடாது என்று நீ மறைத்தாய். அப்பாவுக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரியக்கூடாது என்று நான் மறைத்தேன். இரண்டும் தெரிந்த உன் அம்மா நமக்கு நடுவில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இனிமேல் அது வேண்டாம். புதுப் பட்டையைத் தைப்பதற்கு முன்னால் பழைய பட்டையைப் பற்றிப் பேசிவிடவேண்டும். போனில் பேசினால் எனக்குக் கோபம் வந்துவிடும், யார்மேல் என்றே தெரியாமல். அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். பயிற்சி முகாமில் மலையேற்றம் சொல்லிக்கொடுக்கிற மேடம் இப்போது நீ, உனக்கு நேரம் இருக்காது. இரண்டு மூன்று தடவையாகப் படி, ஆனால் பாதியில் வைத்துவிடாதே.

என் வேலை உனக்குத் தெரியும். இருந்தாலும் இந்தக் கதைக்கு அது வேண்டும் என்பதால் சொல்கிறேன். செராமிக் எஸ்டேட்டில் பொம்மைக்கும் ஃபியூஸ் கட்டைக்கும் அச்சு செய்கிறவன் நான். இருபத்தைந்து வருஷத்தில் என் அச்சிலிருந்து வந்த எதையும் அளவு சரியில்லை என்று யாரும் திருப்பி அனுப்பியதில்லை. அதனால்தான் முதலாளியிலிருந்து கில்ன் என்கிற சூளையில் விறகு அடுக்குகிறவர் வரைக்கும் என்னை மாஸ்டர் என்று கூப்பிடுகிறார்கள். எங்கள் தொழிலில் ஒரே ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது. ஈர மண் காய்ந்து, சூளையில் வெந்து, வெளியே வரும்போது சுருங்கியிருக்கும். ஒன்பது அங்குலம் உள்ளே போனால் எட்டு அங்குலம்தான் வெளியே வரும். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது என்பதால் நானே தேக்குக் கட்டையில் ஒரு ஸ்கேல் செய்துவைத்திருக்கிறேன். அதில் ஒவ்வொரு அங்குலமும் கொஞ்சம் பெரிய அங்குலம். அந்த ஸ்கேலில் எட்டு என்று கோடு கிழித்தால் அது நிஜத்தில் ஒன்பது. சூளை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஏழு வயசில் நீ எஸ்டேட்டுக்கு வந்து, வேகாத பொம்மையையும் வெந்த பொம்மையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யாரோ என் பொம்மையைச் சின்னதாக்கிவிட்டார்கள் என்று அழுதாய். நான் இந்த ஸ்கேலைக் காட்டித்தான் உன்னைச் சமாதானம் செய்தேன்.

வீட்டிலும் நான் அப்படித்தான். உன் ஸ்கூல் பாவாடையை ஒரு சைஸ் பெரிதாகத் தைக்கச் சொல்வேன், செருப்பு ஒரு நம்பர் பெரிதாக வாங்குவேன். வளர்கிற பிள்ளை என்று எல்லாப் பெற்றவர்களும் செய்வதுதான். நான் கொஞ்சம் அதிகமாகவே செய்தேன். ஆறாம் வகுப்பில் சேர்ந்த அன்று நீ பாவாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே பிரார்த்தனைக்கு நின்றதாக உன் டீச்சர் சொன்னார். நான் சிரித்தேன். அப்போதே யோசித்திருக்கவேண்டும்.

பிறகு காலேஜில் மூன்றாம் வருஷம். இமயமலையில் ஒரு மாத மலையேற்றப் பயிற்சிக்கு உன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று ஒரு படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினாய். பெற்றோர் கையெழுத்து என்று அடியில் ஒரு கோடு. நான் அதைப் படித்தேன், மடித்தேன், அலமாரியில் வைத்தேன். மூன்று நாள் அது அங்கேயே இருந்தது. கருவேப்பிலங்குறிச்சி போகிற வழியில் ஒரு மேடு வந்தாலே சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளுகிற ஊர் நம் ஊர். இங்கே பிறந்தவளுக்கு மலை எதற்கு என்று உன் அம்மாவிடம் கத்தினேன். மலை எதற்கு என்பது என் கேள்வியே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. அதைப் பயம் என்று சொல்லக் கூச்சமாக இருந்ததால் கோபமாகச் சொன்னேன். இந்த வீட்டில் என் கோபத்தில் பாதிக்குமேல் அந்த வகைதான், இப்போதாவது தெரிந்துகொள்.

நாலாம் நாள் விடியற்காலையில் எஸ்டேட்டுக்குப் போகிற வழியில் உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. ஜங்ஷனில் பிளாட்பாரத்துக்கு மேலே போகிற நடைபாலத்தின் படிகளில், பழைய ஸ்கூல் பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தாய். மேலே போய், அந்தப் பக்கம் இறங்கி, திரும்ப ஏறி வந்தாய். பை ஒவ்வொரு படிக்கும் கலகலவென்று சத்தம் போட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். கழிவில் போன ஃபியூஸ் கட்டைகளை எஸ்டேட் குப்பையிலிருந்து பொறுக்கிப் பை நிறைய நிரப்பியிருந்தாய், கனத்துக்காக. ரயிலுக்குக் காத்திருந்தவர்கள் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். நீ யாரையும் பார்க்கவில்லை. நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று எண்ணினேன். இருபத்திரண்டு தடவைவரை எண்ணினேன், அதற்குள் எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. உனக்கு இன்னும் முடியவில்லை. அன்று மத்தியானம் சாப்பிட வந்தபோது படிவத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். ஏன் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன். அந்தப் படிகளில் நீ ஏறியதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. என் மகள் என்று பக்கத்தில் நின்ற பயணியிடம் சொல்ல வாய்வரைக்கும் வந்தது.

அடுத்தது பை. காலேஜில் உன் சீனியர் ஒருத்தி அவளுடைய பையை இரவல் கொடுத்தாள். நல்ல பை, ஆனால் இடுப்புப் பட்டை கிழிந்து போயிருந்தது. சென்னையில் கிடைத்த ஒரே பட்டை வாட்டசாட்டமான ஆம்பிளைக்குச் செய்தது. பட்டை இல்லாமல் தோளிலேயே சுமந்தால் என்ன என்று கேட்டேன். இந்த மூட்டையைத் தோள் சுமக்கக்கூடாது, இடுப்பெலும்பு சுமக்கவேண்டும் என்று நீ ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினாய். இரண்டு கட்டைவிரலாலும் விலாவுக்குக் கீழே அழுத்திக்கொண்டே வந்தால் ஒரு எலும்பு மேடு தட்டும், பட்டையின் நடுப்பாகம் அந்த மேட்டின்மேல் உட்காரவேண்டும். பேன்ட் சைஸை நம்பக்கூடாது, அது வயிற்றளவு. திண்டு வைத்த பாகம் இரண்டு பக்கமும் சுற்றி வந்து, முன்னால் ஒரு கையகலம் இடைவெளி விட்டு நிற்கவேண்டும். அந்த இடைவெளியில்தான் நாடாவும் க்ளிப்பும். திண்டுகள் முன்னால் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் அதற்குமேல் இறுக்க முடியாது, அப்புறம் பட்டை இருந்தும் இல்லாததுதான். இவ்வளவும் நீ சொன்னாய். எனக்கு உற்சாகமாகிவிட்டது. மனுஷ உடம்பில் கனம் எங்கே உட்காருகிறது என்று யோசித்து ஒரு பொருள் செய்வது அச்சு வேலை மாதிரியே இருந்தது. பட்டையை நான் செய்கிறேன், கடைக்கெல்லாம் போகவேண்டாம் என்றேன்.

உன் அம்மா உனக்கு டேப் பிடித்து முப்பத்திரண்டு என்று கூவினாள். கையகலத்துக்கு நாலு அங்குலம் கழித்தால் திண்டு இருபத்தெட்டு. கணக்கு இதுவரைக்கும் சரி. மறுநாள் மத்தியானம் எஸ்டேட்டில் சாப்பாட்டு வேளையில், என் மேஜையில் பிரவுன் பேப்பரை விரித்து, கைக்கு எட்டிய ஸ்கேலை எடுத்து, இருபத்தெட்டு அங்குலத்துக்குக் கோடு கிழித்தேன். வெட்டினேன். இடுப்பெலும்பு வரும் இடத்தில் அகலமாக, முன்னால் வரவரக் குறுகலாக, அழகான வளைவு. இப்போது நினைத்தாலும் அந்த வளைவு நல்ல வளைவுதான். அதை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஸ்கூட்டர் சீட் கவர் தைக்கிற காதர் பாயிடம் போனேன். பாய் பேப்பரைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பாப்பா ஒல்லியாச்சே மாஸ்டர், இது கொஞ்சம் பெருசா தெரியுதே" என்றார். நான் அளந்திருக்கிறேன் பாய், நீங்கள் தையுங்கள் என்று வெடுக்கென்று சொன்னேன். பாய் கத்தரியை எடுத்தார். இரட்டைத் துணிக்கு நடுவே கெட்டி ஃபோம் வைத்து, சாம்பல் நிற நூலில் தைத்துக் கொடுத்தார்.

பட்டை கைக்கு வந்தது நீ ரயிலேறும் நாள் காலையில். சாமான்கள் கூடமெல்லாம் பரந்து கிடந்தன. ஸ்வெட்டர், அதற்குமேல் மழைக்கோட்டு எல்லாம் போட்டுக்கொண்டு, காலிப் பையை மாட்டி, பட்டையைக் கட்டிப் பார்த்தாய். நாடாவைக் கடைசிவரை இழுத்தாய். "கொஞ்சம் லூசா இருக்குதுப்பா" என்றாய். இந்த இடம்தான். நான்கு வருஷமாக நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கிற இடம் இதுதான். நீ சொன்னாய். தெளிவாகச் சொன்னாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "கனம் ஏறினா தானா உக்காந்துக்கும். அளந்தது யாரு?" நீ சிரித்துவிட்டு, சரிப்பா என்று சொல்லிக் கழற்றி மடித்து வைத்தாய். நான் பெருமையாக ஒரு சின்னப் பொட்டலத்தை உன் பையில் செருகினேன். செருப்புத் தைக்கிற ஊசி, மெழுகு போட்ட கறுப்பு நூல். வழியில் ஏதாவது பிய்ந்தால் என்று.

மலையில் நடந்ததை நீ என்னிடம் சொன்னதில்லை. அம்மாவிடம்தான் சொன்னாய். முதல் இரண்டு நாள் முகாமுக்கு மூட்டை சுமந்தபோதே பட்டை வழுக்கி வழுக்கிக் கீழே இறங்கியது. திண்டுகள் முன்னால் முட்டிக்கொண்டு நின்றன, இறுக்க இடமே இல்லை. அத்தனை கனமும் தோளில். இரண்டு தோளிலும் தோல் உரிந்து சட்டை ஒட்டிக்கொண்டது. மற்றவர்கள் போய்ச் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகு நீ போய்ச் சேர்ந்தாய். இன்னொரு நாள் இப்படி வந்தால் நீ கீழ்முகாமிலேயே தங்கிவிடவேண்டியதுதான், மேலே போகிற குழுவில் உன் பெயர் இருக்காது என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் கூடாரத்தில் உட்கார்ந்து, யாரிடமோ கத்தியை இரவல் வாங்கி, என் பட்டையைப் பிரித்தாய். முன்பக்கம் இரண்டு நுனியையும் வெட்டினாய். உள்ளங்கையை வைத்து இடைவெளியைப் பார்த்துக்கொண்டாய். குளிரில் விரல் மரத்துப்போன கையோடு, நான் வைத்த ஊசியால், நான் வைத்த கறுப்பு நூலால் நாடாவைத் திரும்பத் தைத்தாய். விரலில் எத்தனை தடவை குத்திக்கொண்டாய் என்று அம்மா கேட்டாளாம், நீ எண்ணவில்லை என்றாயாம். மறுநாள் முதல் ஐந்து பேரில் நீ ஒருத்தி. கடைசி முகாமையும் தாண்டி, மேலே பனியில் கொடி நட்ட குழுவில் நீ இருந்தாய்.

ஊருக்கு வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, பட்டை எப்படி இருந்தது. நீ ஒரு நொடி என்னைப் பார்த்தாய். "சரியா இருந்துச்சுப்பா" என்றாய். அவ்வளவுதான், என்னைப் பிடிக்க ஆளில்லை. நீ கொண்டுவந்த ஃபிலிம் ரோலைக் கழுவி, பனியில் நீ பையோடு நிற்கிற போட்டோவைப் பெரிதாக்கி வீட்டில் ஒன்று, எஸ்டேட்டில் என் மேஜைக்கு மேல் ஒன்று மாட்டினேன். வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, மலையைக் காட்டவில்லை, உன் முகத்தைக்கூட காட்டவில்லை, இடுப்பைக் காட்டினேன். இந்தப் பட்டை நான் செய்தது, இதுதான் இவளை மேலே கொண்டுபோய்ச் சேர்த்தது என்றேன். எஸ்டேட் வாசல் டீக்கடையில் பதினைந்து நாளைக்கு வேறு பேச்சே இல்லை. சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ்ஸில் வருகிற லோடுமேன்கள்வரைக்கும் மாஸ்டர் பட்டை என்றால் தெரியும். மயிரிழை விரிசலைப் பத்தடி தூரத்தில் பார்த்துச் சொல்கிற கண் என் கண். அந்தப் போட்டோவில் சாம்பல் துணியின் நுனியில் கறுப்புத் தையல் தெரிகிறது. தினமும் பார்த்தேன். தெரியவில்லை.

இரவல் பையைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் துவைத்துக் கொடுக்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்தான் அதைக் கிணற்றடிக்கு எடுத்துப்போனேன். துவைத்துப் பிழிந்து கொடியில் போட்டபோது மேல் மூடியின் சின்ன அறைக்குள் ஒரு பிளாஸ்டிக் கவர் தட்டுப்பட்டது, அதற்குள் இரண்டு துண்டு. சாம்பல் துணி, நடுவில் ஃபோம். மலையில் எதையும் தூக்கியெறியக்கூடாது என்று விதி இருப்பதால்தான் அவை வீடுவரைக்கும் வந்தன என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. எடுத்த கையோடு எஃகு ஸ்கேலைக் கொண்டுவந்து அளந்தேன். ஒவ்வொன்றும் ஒன்றே முக்கால் அங்குலம். இரண்டும் சேர்ந்து மூன்றரை. பட்டையை எடுத்து அளந்தேன், இருபத்தெட்டு. வெட்டிய பிறகு இருபத்தெட்டு என்றால் வெட்டுவதற்கு முன் முப்பத்தொன்றரை. இருபத்தெட்டில் எட்டில் ஒரு பங்கு மூன்றரை. எனக்குக் கணக்குப் போடவே வேண்டியிருக்கவில்லை. அந்தத் தேக்கு ஸ்கேலின் கோடுகள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. பெற்ற பெண்ணின் இடுப்பை, சூளைக்குப் போகிற பொம்மையின் இடுப்பு மாதிரி அளந்திருக்கிறேன். எங்கள் எஸ்டேட்டுக்கு வெளியே யாரும் செய்ய முடியாத தப்பு அது. தோல் உரிந்த தோளோடு, வெறும் உள்ளங்கையை வைத்து, என் தப்பைக் கால் அங்குலம்கூடப் பிசகாமல் நீ வெட்டி எடுத்திருக்கிறாய். முதலில் எனக்கு வெட்கம் வந்தது. அதற்குப் பின்னாலேயே, வெட்கத்தைத் தள்ளிக்கொண்டு, பெருமை வந்தது. இதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம்.

உன் அம்மாவைக் கூப்பிட்டுத் துண்டுகளைக் காட்டினேன். அவள் தூண் ஓரமாக நின்று கையைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்ககிட்ட சொல்ல மாட்டேன்னு புள்ளைக்கு வாக்கு குடுத்துட்டேன். நீங்களே கண்டுபுடிச்சா அதுக்கு நான் என்னா பண்றது" என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். நீ ஏன் மறைத்தாய் என்று கேட்டேன். நீ சொன்னதை அப்படியே சொன்னாள். "அப்பா அளந்தா தப்பாவாதுன்னு ஊரே சொல்லுது. அந்தப் பேரு என்னால கெட வேணாம்மா." அதைக் கேட்டதும் நான் பையைப் பிழிய ஆரம்பித்தேன். ஏற்கெனவே பிழிந்து காயப்போட்ட பை அது.

அன்றே உன்னிடம் வந்து பேசியிருக்கவேண்டும். பேசவில்லை. துண்டுகளை என் கருவிப் பெட்டியில் அடியில் போட்டேன். போட்டோவைக் கழற்றவில்லை. டீக்கடையில் யாராவது மாஸ்டர் பட்டை என்றால் முன்போலக் கதை அளக்கவில்லை, ஆனால் மறுக்கவும் இல்லை, சிரித்துக்கொண்டேன். நான்கு வருஷம் சிரித்துக்கொண்டேன். அதற்குள் நீ அடுத்த பயிற்சி முடித்தாய், அதற்கடுத்ததும் முடித்தாய், முதல் தர மார்க்கு வாங்கினாய், வேலைக்கே போய்விட்டாய். இத்தனைக்கும் முதல் படியாக இருந்த அந்த ஒரு சாயங்காலத்தை, உனக்குச் சேரவேண்டிய பேரை, நான் எடுத்து மேஜைக்கு மேல் மாட்டிவைத்திருந்தேன். என் பேர் கெடக்கூடாது என்று நீ நினைத்தாய். உன் பேரைப் பற்றி நான் நினைக்கவில்லை. நான் செய்த தப்புகளில் தப்பாக அளந்தது சின்னது, இது பெரியது.

ஞாயிற்றுக்கிழமை நீ சூளை என்று சொன்னதும் உனக்கும் காரணம் தெரிந்திருக்கிறது என்று புரிந்தது. எப்போது கண்டுபிடித்தாய்? ஏழு வயசில் அந்த ஸ்கேலைப் பார்த்தவள், மலையில் வெட்டும்போதே கண்டுபிடித்திருப்பாய் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்தும் மறுபடி என்னிடமே அளவு கொடுக்கிறாய். கம்பெனிப் பட்டை வாங்கிக்கொள்ள உனக்கு வழியில்லாமல் இல்லை. இதற்கு நான் உன்னிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அதனால் திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகும்போது கருவிப் பெட்டியிலிருந்து அந்த இரண்டு துண்டையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். டீக்கடையில் எல்லோரும் இருக்கிற நேரமாகப் பார்த்து, கண்ணாடி டம்ளர்களைத் தள்ளிவிட்டு பெஞ்சுமேல் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். தேக்கு ஸ்கேலில் கோடு கிழித்தது, பாய் சொன்னது, நீ லூசா இருக்குது என்று சொன்னது, நான் வாயை அடைத்தது, நீ வெட்டியது எல்லாம். காதர் பாயையும் கூட்டிவந்திருந்தேன், அவரும் கேட்கட்டும் என்று.  ஃபோம் துண்டை எடுத்து ஒருவர் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார். கில்ன் பார்க்கிற பெரியவர் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "அப்ப உங்க பொண்ணு உங்களுக்கு மேல மாஸ்டருன்னு சொல்லுங்க" என்றார். ஆமாம் என்றேன். இருபத்தைந்து வருஷத்தில் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து நான் அவ்வளவு நிமிர்ந்து பேசியதில்லை. பாய் மட்டும் என்னைப் பார்த்து, பெரிசாகத் தெரிகிறது என்று அன்றைக்கே சொன்னேனே என்று கேட்கவில்லை. அது அவருடைய பெருந்தன்மை. கேட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

இனி புதுப் பட்டை. முன்பு மாதிரி இருபது கிலோ மூட்டை இல்லை, இந்தப் பை எடை குறைந்தது, எல்லாம் சேர்ந்து எட்டு ஒன்பது கிலோவைத் தாண்டாது என்றாய். கம்பெனியில் இரண்டு விதம் இருப்பதாகச் சொன்னாய், வெறும் நாடா ஒன்று, தடித்த திண்டு ஒன்று. எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. வெறும் நாடா எடை இல்லாததுதான், ஆனால் நாள் முழுக்க நடந்தால் எலும்பை அறுக்கும். தடித்த திண்டு இந்தக் கனத்துக்குத் தேவையில்லை, பட்டையே ஒரு சுமையாகிவிடும். அதனால் இடுப்பெலும்பு வரும் இடத்தில் மட்டும் சின்ன விரல் கனத்துக்கு ஃபோம், மற்ற இடத்தில் இரட்டைத் துணி, முன்பக்கம் நாடா. அகலம் எலும்பின்மேல் நாலு அங்குலம், முன்னால் இரண்டு. மடங்காத அளவுக்கு விறைப்பு, வளையாத அளவுக்கு இல்லை. க்ளிப்பை ஒரு கையால் திறக்க முடிகிறதா என்று பாயும் நானும் மாறி மாறிப் பார்த்தோம். ஓடையில் கால் வழுக்கினால் பையைச் சட்டென்று விட்டுவிடவேண்டும் என்று நீ ஒரு தடவை சொன்னது மறக்கவில்லை. நாடாவை நீளமாகவே விட்டிருக்கிறேன். மலையில் இளைப்பாய், இறுக்க இடம் வேண்டும். முன்பு முப்பத்திரண்டு, இப்போது முப்பத்தொன்று, ஏற்கெனவே ஒரு அங்குலம் போயிருக்கிறது. இதை உன் அம்மாவிடம் சொல்லவில்லை, அவள் கவலைப்பட அதுவே ஒரு வாரத்துக்குப் போதும்.

பேப்பரை வீட்டிலேயே விரித்தேன். விரிப்பதற்கு முன் தேக்கு ஸ்கேலை உன் அம்மாவிடம் கொடுத்து எங்காவது வைக்கச் சொன்னேன். அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தாள். எஃகு ஸ்கேலில் இருபத்தேழு என்று கோடு போட்டு, அவளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். பிறகு பாயைப் படிக்கச் சொன்னேன். "இருவத்தேழு மாஸ்டர், பட்டாப் போட்டுக் குடுக்கட்டுமா" என்று கேட்டார். கேட்கட்டும்.

பட்டை இந்தக் கடிதத்தோடு வருகிறது. முன்பக்கம் நாடா சேரும் இரண்டு இடத்திலும் பாயை மிஷின் தையல் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இழுத்தால் பிரிந்துவிடுகிற ஓட்டுத் தையல்தான் இருக்கிறது. கூடவே ஒரு ஊசி, கறுப்பு மெழுகு நூல். பையில் முழுக் கனத்தையும் ஏற்றி, மழைக்கோட்டு இல்லாமல், ஒரு மணி நேரம் மேட்டில் நடந்துவிட்டு, உள்ளங்கையை வைத்துப் பார். சரியாக இருந்தால் நீயே தைத்து முடி. உன் தையலைப் பார்த்திருக்கிறேன், பிரியாது.

சரியாக இல்லையென்றால் தயங்காமல் வெட்டு. வெட்டிய துண்டைப் பைக்குள் ஒளித்து வைக்காதே. கவரில் போட்டு வீட்டுக்கு அனுப்பு, உள்ளே ஒரு சீட்டில் "லூசா இருந்துச்சுப்பா" என்று எழுதி வை. நான் அதை டீக்கடைக்கு எடுத்துக்கொண்டு போகவேண்டும்.

உன் அப்பா